"வீட்ல நல்லா வந்துச்சு டீச்சர்": கர்நாடக வயலின் சாதகத்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க

வயலின் சொல்லித்தரும் எவரும் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்கும் வாக்கியம் அது. சொல்கிற பிள்ளை பொய் சொல்வதில்லை. வீட்டில் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கும். நாம் என்ன சொல்கிறோம்? "இன்னும் நல்லா சாதகம் பண்ணு" என்று அனுப்பிவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் அனுப்பினேன். இப்போது அனுப்புவதில்லை. எங்கே தடுக்கிறது என்று தெரியாமல் செய்யும் சாதகம், அதாவது பயிற்சி, அந்தத் தடுக்கலையும் சேர்த்தே கைக்குப் பழக்கிவிடுகிறது. அப்புறம் அதை அழிக்க இரண்டு மடங்கு நாள் ஆகிறது.

அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் ஒரு சோதனை, அதற்குப் பிறகே பயிற்சி. உங்களுக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் சுருதி சேர்ப்பது பற்றிய முதல் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள். வேறு இடத்தில் தேடும் பல கோளாறுகள் அங்கேதான் இருக்கின்றன.

தந்தி அறுந்துபோகிறது, அல்லது சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது

வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து, அதாவது சுமார் 200 வருஷமாக, வயலின் நம் இசையில் இருக்கிறது. கருவி அதேதான். சுருதி சேர்ப்பதும் உட்காரும் விதமும் வேறு. இணையத்தில் கிடைக்கும் வயலின் பாடங்களில் பெரும்பாலானவை மேற்கத்திய முறைக்கானவை. அவற்றைப் பார்த்துச் சுருதி சேர்த்தால் நமக்கு ஒத்துவராது. நம் முறையில் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஸ, ப, ஸ, ப. மூன்றாவதாக வருவதுதான் மத்திய ஸ்தாயி (நடு ஆக்டேவ்) ஸட்ஜம் (ஸ).

தந்தி அறுவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம், ஸ்தாயி மாறிப்போவது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்கிறோம்; 2 கட்டை என்றால் சுருதி காட்டும் செயலியில் 'டி' என்று வரும். அந்த ஸட்ஜத் தந்தி மேற்கத்திய முறையில் 'ஏ'யில் இருக்கும். நாம் அதைத் தளர்த்தி, கீழே உள்ள 'டி'க்கு இறக்க வேண்டும். தெரியாதவர்கள் மேலே உள்ள 'டி'யை நோக்கி முறுக்குகிறார்கள்; தந்தி பட்டென்று அறுகிறது. எழுத்தோடு எண்ணையும் பாருங்கள். டி4 தான் உங்களுக்கு வேண்டியது, டி5 இல்லை.

பிரடை (தந்தியை முறுக்கும் மரமுளை) வழுக்கினால், திருகும்போதே உள்பக்கமாக அழுத்தித் திருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சாக்பீஸ் தூளைத் துளி தடவலாம். மழைக்காலத்தில் மரம் உப்பிப் பிரடை இறுகும், ஏசி அறையில் காய்ந்து நழுவும். புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை.

கீச்சென்று கத்துகிறது, அல்லது சத்தமே வரவில்லை

விரல் எதையும் வைக்காமல் மத்திய ஸட்ஜத் தந்தியில் ஒரு நீள வில் போடுங்கள். அது சுத்தமாகக் கேட்டு, விரல் வைத்த பிறகு மட்டும் கீச்சென்றால் இடது கையைப் பாருங்கள். விரல் தந்தியைச் சரியாக அழுத்தவில்லை, அல்லது பக்கத்துத் தந்தியையும் தொடுகிறது. விரல் வைக்காத தந்தியே கத்தினால் கோளாறு வில்லில்.

வில்லில் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். சத்தமே வராமல் வழுக்குகிறதா? புது வில்லாக இருந்தால் ரோசின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்) ஏறியிருக்காது. ரோசின் கட்டியும் புதிதென்றால் அதன் மேல் பளபளப்பை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டுத் தேயுங்கள். பழைய வில் திடீரென்று வழுக்கினால் எண்ணெய் பட்டிருக்கும். இடது விரல் தந்தியில் சறுக்கிப்போக நாம் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறோம் இல்லையா, அதே கையால் வில்லின் முடியைப் பிடித்தால் வந்தது வினை. எண்ணெய் தொட்ட கைக்கும் வில்லுக்கும் சம்பந்தமே கூடாது. எதிர்ப்பக்கமாக, ரோசின் அதிகமாகி வெள்ளைத் தூளாகக் கொட்டினாலும் கரகரக்கும். மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கத்தினால், வில் போகும் பாதைதான். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மிகப் பக்கமாகப் போனால் கரகரப்பு, விரல் பலகைப் பக்கம் ஏறினால் காற்றடித்த மாதிரி மெலிந்த சத்தம். இரண்டுக்கும் நடுவே ஒரே கோட்டில் போக வேண்டும். வில்லின் பாதி தாண்டியதும் முழங்கை விரியாமல் தோள் பின்னால் போனால் கோடு வளைந்துவிடும். உங்களால் இதை உணர முடியாது, பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியிலும் பத்து நீள வில். தம்பூரா ஓடட்டும். ஒரு வில்லுக்கு எட்டு எண்ணுங்கள். ஐந்தாறு நிமிஷம்தான் ஆகும். இதைத் தினமும் செய்கிற பிள்ளைகளின் நாதம் மூன்று மாதத்தில் வேறாகிவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்திவைக்க மறக்காதீர்கள்.

சுருதி விலகுகிறது

இந்தக் கோளாறுக்கு மாயாமாளவகௌளையை விட நல்ல சோதனைக் கருவி கிடையாது. ஆரம்பப் பாடத்துக்கு இந்த ராகத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக, அந்த வழியை வகுத்தவராகச் சொல்லப்படும் புரந்தரதாசருக்கு வயலின்காரர்கள் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஸட்ஜத் தந்தியில் ஸ விரலில்லாமல், ரி முதல் விரல், க இரண்டாம் விரல், ம மூன்றாம் விரல். பக்கத்துத் தந்தியில் ப விரலில்லாமல், த முதல் விரல், நி இரண்டாம் விரல், மேல் ஸ மூன்றாம் விரல். இந்த ராகத்தில் ஸரிகம-வுக்கும் பதநிஸ-வுக்கும் இடைவெளிகள் அச்சாக ஒன்றே. அதாவது இரண்டு தந்தியிலும் கை ஒரே அமைப்பில் நிற்கிறது.

இப்போது உங்கள் வாசிப்பை ஃபோனில் பதிவுசெய்து கேளுங்கள். காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) ஒரே மாதிரி இறங்கியிருந்தால் கை அமைப்பில் கோளாறு. ரி-க இடைவெளி இந்த ராகத்தில் பெரியது, இரண்டாம் விரல் அவ்வளவு தூரம் நீளச் சோம்பல்படும். காந்தாரம் சரியாக இருந்து நிஷாதம் மட்டும் விலகினால், கைக்கு வழி தெரிந்திருக்கிறது, காதுக்குத்தான் நிஷாதம் பிடிபடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

கைக் கோளாறு என்றால் ரி-க-ரி-க மட்டும், மெதுவாக, முதல் விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் இரண்டாம் விரலை நீட்டி வையுங்கள். காதுக் கோளாறு என்றால் வயலினைக் கீழே வைத்துவிட்டு, தம்பூராவோடு ப-த-நி-ஸ பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாயில் சரியாக வராத ஸ்வரம் விரலில் வராது. சிலர் கூச்சப்பட்டுப் பாடவே மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டாவது பாடுங்கள்.

மேல் ஸட்ஜம் சரியா என்று கருவியே சொல்லும். பஞ்சமத் தந்தியில் மூன்றாம் விரலால் அதை வாசிக்கும்போது, தொடாமல் விட்ட ஸட்ஜத் தந்தியைப் பாருங்கள். சுருதி சேர்ந்தால் அது தானாக அதிரும், ஒலியும் திடீரென்று விரிந்து கேட்கும். விலகினால் அது சும்மா இருக்கும்.

செயலியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதை நான் அனுமதிப்பதில்லை. கண் வேலை செய்ய ஆரம்பித்தால் காது தூங்கிவிடும். ஒரு ஸ்வரத்தில் சந்தேகம் வந்தால் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள், அவ்வளவே. விரல் பலகையில் ஒட்டும் குறிப்புப் பட்டைகளும் அப்படித்தான். முதல் சில வாரங்களுக்குச் சரி, அப்புறம் பயமாக இருந்தாலும் பிய்த்துவிடுங்கள்.

தார ஸ்தாயியில் மட்டும் விலகுகிறதா? மேலே போகப்போக ஸ்வரங்களுக்கு இடையிலான தூரம் சுருங்குகிறது. தந்தியின் நடுப்புள்ளிதான் அடுத்த ஸ்தாயி. அங்கிருந்து மேலே அதே இடைவெளிகள் பாதி தூரத்தில் வந்துவிடும். கீழே பழகிய அகலத்திலேயே மேலேயும் விரலை வைத்தால் ஸ்வரம் ஏறிப்போகும்.

மூன்றாம் காலம் சிதறுகிறது

ஆதி தாளத்தில் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்று) 8 ஸ்வரம், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. நாலு மடங்கு. ஆனால் எல்லோரும் முதல் காலத்தைத் தங்களுக்கு வசதியான வேகத்தில் எடுத்துவிட்டு, மூன்றாம் காலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மூன்றாம் காலம் எந்த வேகத்தில் சுத்தமாக வருகிறதோ அதிலிருந்து முதல் காலத்தை முடிவுசெய்யுங்கள். மெட்ரோனோமை (சீரான வேகத்தில் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60-இல் வைத்தால் மூன்றாம் காலத்தில் நொடிக்கு 4 ஸ்வரம். அது சிதறினால் 45-க்கு இறக்குங்கள், நொடிக்கு 3 ஆகும். முதல் காலம் அப்போது பொறுமையைச் சோதிக்கும். சோதிக்கட்டும். அந்த மெதுவில்தான் வில் கோணலாகப் போவதும் விரல் தேவையில்லாமல் உயரே எழும்புவதும் தெரியவரும்.

வேகத்தைக் குறைத்தும் சிதறினால், வேலையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் தாளம் போட்டுக்கொண்டு அந்த வரிசையை மூன்றாம் காலத்தில் வாயால் சொல்லுங்கள். அடுத்து வில்லைத் தொடாமல் இடது விரல்களை மட்டும் தந்தியில் ஓட்டுங்கள். கடைசியாக விரல் வைக்காமல் வில்லை மட்டும், வரிசையில் வரும் தந்தி மாற்றங்களோடு போடுங்கள். எது தடுமாறுகிறதோ அதை மட்டும் ஐந்து நிமிஷம் செய்தால் போதும்.

என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தடுமாறுவது மூன்றாவது, அதிலும் ம-விலிருந்து ப-வுக்குப் போகும் இடம். அங்கேதான் வில் தந்தி மாறுகிறது. விரல்கள் தயாராக இருக்கும், வில் இன்னும் பழைய தந்தியில் நிற்கும். ம-ப-ம-ப, க-ம-ப-த இந்த இரண்டையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலும், மூன்றாம் காலத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வில் போட்டால் கை பின்னிக்கொள்ளும். ஒரு வில்லில் எத்தனை ஸ்வரம் சேர்க்க வேண்டும் என்பதை உங்கள் குருவிடம் கேட்டு, தினமும் அதையே கடைப்பிடியுங்கள். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் நாலு என்று மாற்றினால் எதுவும் படியாது.

வர்ணத்தில் எப்போதும் ஒரே இடத்தில் தடுக்குகிறது

படிக்கும் காலத்தில் ஒரு வர்ணத்தில் (பயிற்சிக்கான ஒரு வகை உருப்படி) ஸ்வரங்களாகவே வரும் சிட்டைஸ்வரப் பகுதி எனக்கு மாதக்கணக்கில் வரவில்லை. தடுக்கியதும் பல்லவியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பேன். தினமும் ஒரு மணி நேரம். கடைசியில் பல்லவி யார் கேட்டாலும் வியக்கும் அளவுக்கு மெருகேறியது, சிட்டைஸ்வரம் இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்குப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரத்தில் சிட்டைஸ்வரம் வாசித்தது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. என் குரு ஒரு நாள், "இனிமே கடைசி ஆவர்த்தனத்துலேருந்து ஆரம்பி" என்றார். கடைசி ஆவர்த்தனம், பிறகு கடைசி இரண்டு, பிறகு கடைசி மூன்று. பின்னாலிருந்து முன்னால் வரும்போது, தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிறோம். முடிவு நெருங்க நெருங்கக் கைக்குத் தைரியம் வருகிறது. இரண்டு வாரத்தில் முடிந்தது.

இதற்கும் முதலில் சோதனை. தடுக்கும் வரியை வயலின் இல்லாமல், தாளம் போட்டு ஸ்வரமாகச் சொல்லுங்கள். வாயே தடுக்கினால் அது ஞாபகக் கோளாறு. எழுதிப் பாருங்கள், பாடிப் பாருங்கள், வயலினை எடுக்கவே வேண்டாம். வாய் சரளமாகச் சொல்லி, கை மட்டும் தடுக்கினால், தடுக்கும் ஸ்வரத்தை விட்டுவிட்டு அதற்கு முந்திய இரண்டு ஸ்வரங்களைப் பாருங்கள். அடுத்த ஸ்வரத்துக்கு வேண்டிய விரலை அங்கே ஏற்கெனவே செலவழித்திருப்பீர்கள், அல்லது வில்லின் நுனிக்கே வந்து இடமில்லாமல் நிற்பீர்கள். தப்பான ஸ்வரம் ஒலிக்கும் இடமும் தப்பு நடந்த இடமும் அநேகமாக வேறுவேறு. விரலையோ வில்லையோ மாற்றி, முந்திய இரண்டு, தடுக்கும் ஸ்வரம், பிந்திய ஒன்று, இந்த நாலை மட்டும் தொடர்ந்து ஐந்து முறை பிழையில்லாமல் வாசியுங்கள். ஒருமுறை தவறினால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சரியாக வந்த பிறகு ஆவர்த்தனத்தோடு சேர்த்துவிடலாம்.

வீட்டில் வருகிறது, வகுப்பில் வரவில்லை

வீட்டில் எத்தனையாவது தடவை வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாவது, ஆறாவது தடவை வந்திருக்கும். வகுப்பில் கிடைப்பது முதல் தடவை மட்டும். அதனால் பயம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதல் தடவையே வரும் அளவுக்கு அது இன்னும் பழுக்கவில்லை.

சோதனை எளிது. காலையில் எழுந்து, வேறு எதுவும் வாசிக்காமல், சுருதி சேர்த்ததும் அந்த உருப்படியை ஒரே ஒரு தடவை வாசித்துப் பதிவுசெய்யுங்கள். அதுதான் உங்களுடைய இன்றைய நிலை. மூன்று நாள் இப்படிச் செய்தால் எது கைக்கு வந்திருக்கிறது, எது சூட்டில் வந்த மாதிரி இருக்கிறது என்று பிரிந்துவிடும்.

சாதக நேரத்திலும் ஒரே வரியை இருபது தடவை அடுக்காமல், ஐந்து தடவை வாசித்துவிட்டு ஒரு அலங்காரத்துக்கு (தாளப் பயிற்சி வரிசை) போங்கள். பிறகு திரும்பி வந்து முதல் தடவை எப்படி வருகிறது என்று பாருங்கள். அந்தத் திரும்பி வரும் முதல் தடவைகளைத்தான் எண்ண வேண்டும்.

இன்னொரு காரணம் தாளம். பாடுகிறவர்களுக்குத் தாளம் போடக் கை இருக்கிறது. நமக்கு இரண்டு கையும் வேலையில் இருப்பதால் காலால் தட்டுகிறோம். கஷ்டமான இடத்தில் விரல் மெதுவானால் காலும் கூடவே மெதுவாகிவிடும், நமக்குத் தெரியாது. வகுப்பில் குரு போடும் தாளம் காத்திருக்காது. வீட்டில் மெட்ரோனோம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அம்மாவையோ அண்ணனையோ பத்து நிமிஷம் தாளம் போடச் சொல்லுங்கள். சங்கீதம் தெரியாதவர்கள்கூட ஆதி தாளத்தை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து வாசித்துவிட்டு வகுப்பில் தரையில் உட்கார்ந்தாலும் கை தடுமாறும். இரண்டு இடத்திலும் தரையில் உட்காருங்கள்.

கமகம் நடுக்கம் மாதிரி கேட்கிறது

கமகம் என்பது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. எந்த ஸ்வரத்துக்கும் எந்த ஸ்வரத்துக்கும் நடுவே அசைகிறோம் என்று தெரியாமல் கையை ஆட்டுவதால் வருவது இது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் விரலை வைத்து உதறினால் தோடி வராது. ரிஷபத்தின் (ரி) பக்கமிருந்து மத்யமத்தை (ம) தொட்டுத் திரும்பும் அசைவு அது. முதலில் அந்த இரண்டு எல்லைகளையும் வெறும் ஸ்வரங்களாக, ஒரு எண்ணிக்கைக்கு ஒன்றாக வாசியுங்கள். பிறகு எண்ணிக்கைக்கு இரண்டு. பிறகு ஒரே விரலால் சறுக்கி இணையுங்கள். தொடங்குவதற்கு முன் பாடிவிடுங்கள். அசைவு எவ்வளவு நேரம், எங்கே நிற்கிறது என்பதெல்லாம் குரலில் தானாகத் தெரியும்.

நடுவில் இடது கட்டைவிரலை ஒருமுறை தளர்த்தித் தட்டிப் பாருங்கள். தட்ட முடியாமல் இறுகியிருந்தால் கமகம் சறுக்காது, துள்ளும்.

வலிக்கிறது

உடனே நிறுத்துங்கள். ஆரம்பத்தில் விரல் நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டு, கட்டைவிரல் அடி, கழுத்து, தோள் வலிப்பது இயல்பில்லை.

வயலினின் தலைப்பகுதி வலது கணுக்காலில், மறுமுனை இடது தோளுக்கும் மார்புக்கும் இடையில். இப்படி வைத்துவிட்டு இடது கையை முழுசாக எடுத்துவிடுங்கள். வயலின் அப்படியே நிற்க வேண்டும். சரிந்தால், இத்தனை நாள் உங்கள் கட்டைவிரல்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வழுக்காத ஒரு துணியைத் தோள் பக்கம் வைத்து, கணுக்காலை முன்னும் பின்னும் நகர்த்தி, கை இல்லாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். விரல் மரத்துப்போனாலோ, ஓய்வெடுத்தும் வலி தொடர்ந்தாலோ மருத்துவரிடம் போங்கள். வலியோடு வாசித்துப் பழக்குவது சாதகம் இல்லை.

பரீட்சைக்காக இரண்டு மாதம் தொடவில்லை, எல்லாம் போய்விட்டது

போகவில்லை. ஆனால் முதல் நாளே வர்ணத்தை எடுத்தால் போய்விட்ட மாதிரி தோன்றும், பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். முதல் நாள் தந்தியைத் துடைத்து, பிரடையை மெதுவாகத் திருகிச் சுருதி சேர்த்து, நீள வில் மட்டும் போடுங்கள். இரண்டாம் நாள் சரளி வரிசை முதல் காலம். விரல் நுனி மெத்தென்று ஆகியிருக்கும், கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாலாம் நாள் அலங்காரம், இரண்டு காலம். வர்ணத்தை இந்த நாட்களில் வாயால் பாடிக்கொண்டிருங்கள், போகும்போது வரும்போது, பஸ்ஸில்கூட. ஒரு வாரம் கழித்து வயலினில் எடுக்கும்போது, கடைசி ஆவர்த்தனத்திலிருந்து ஆரம்பியுங்கள்.